டெரிஞ்சர் கிட் கட்டி, சுட்டுப் பாத்த கதை

டெரிஞ்சர்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: 1865 ஏப்ரல் 14 ராத்திரி வாஷிங்டன் ஃபோர்ட்ஸ் தியேட்டர்ல ஜான் வில்க்ஸ் பூத் லிங்கனச் சுட்டானே, அந்த ரக பிஸ்டல். உள்ளங்கைல அடங்கிடும். ஒரே ஒரு குண்டு. பீப்பாய் வாய் வழியா கருமருந்து போட்டு, ஈய உருண்டைய இடிச்சு எறக்கி, பின்னாடி நிப்பிள்ல (ஓட்டை வெச்ச சின்ன முளை) செப்புக் கேப் (அடிச்சா நெருப்பு விடற குட்டி மூடி) மாட்டிச் சுடணும். இத பிரபலமாக்கினவர் பிலடெல்ஃபியால பட்டறை வெச்சிருந்த ஹென்றி டெரிஞ்சர், 1786ல பொறந்து 1868ல செத்துப்போனவர். அரசாங்கத்துக்கு ரைஃபிள் செஞ்சு குடுத்த ஆளு, ஆனா பேரு நின்னது இந்தக் குட்டி பிஸ்டலாலதான். அதுக்கு அவர் பேட்டன்ட் எதுவும் வாங்கி வெக்கல, அதனால ஆளாளுக்கு காப்பி அடிச்சாங்க, அவரோட முத்திரையவே குத்தி வித்தாங்க, அந்த வழக்கு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. பூத் கீழ போட்டுட்டு ஓடின பிஸ்டல் இப்பவும் அதே ஃபோர்ட்ஸ் தியேட்டர் மியூசியத்துல கண்ணாடிப் பெட்டில இருக்கு. லிங்கன் தலைல இருந்து எடுத்த ஈயக் குண்டு தனியா மேரிலாண்ட் சில்வர் ஸ்ப்ரிங்ல இருக்கற மெடிக்கல் மியூசியத்துல இருக்கு. ரெண்டையும் நேர்ல பாத்தா இவ்ளோண்டு சாமானான்னுதான் தோணும்.

என்கிட்ட இருக்கறது அதோட ரெப்ளிகா, .45 காலிபர், பீப்பாய் மூணு இஞ்சுக்குக் கொஞ்சம் கூட. நான் இருக்கறது இண்டியானா, இங்க ஃப்ரெண்ட்ஷிப்னு ஒரு குட்டி ஊர் இருக்கு, வாய்வழி மருந்து போட்டுச் சுடற ஆட்களோட தேசிய சங்கத்துக்கு அதான் தலைமையிடம், வருஷத்துக்கு ரெண்டு தடவ ஜூன்லயும் செப்டம்பர்லயும் நேஷனல் மேட்ச் நடக்கும், கூடவே பழைய சாமான் விக்கற கடைங்க வரிசையா போடுவாங்க. அங்க ஒரு மேஜைக்கடியில கெடந்த பழுப்பேறின அட்டைப் பெட்டி, பிரிக்காத கிட் (நாமளே சேத்துக் கட்ட வேண்டிய பாகங்க), எந்தக் கம்பெனின்னு சொல்லல, ஏன்னா கீழ அதப் பத்தி கொஞ்சம் திட்டப் போறேன்.

ஊர்ல இருந்து படிக்கறவங்களுக்கு இத மொதல்லயே சொல்லிடறேன். அமெரிக்காவுல 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898க்குள்ள செஞ்சதும், அதே மாதிரி வாய்வழி கருமருந்து போட்டுச் சுடற ரெப்ளிகாவும் 'ஆன்ட்டிக்' கணக்குல வரும், ஃபெடரல் சட்டம் அத சாதாரண துப்பாக்கியா பாக்காது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும், நியூ ஜெர்சில இதுக்கும் பர்மிட் வேணும். இந்தியாவுல கதையே வேற. 1959 ஆயுதச் சட்டத்துல வாய்வழி துப்பாக்கிக்கும் லைசென்ஸ் கட்டாயம், நரிக்குறவர்கள் தோள்ல நாம சின்ன வயசுல பாத்த நாட்டுத்துப்பாக்கி உட்பட. அதனால இதப் படிச்சிட்டு அங்க யாரும் பட்டறையில கைய வெக்காதீங்க.

கிட்டுல என்ன இருந்துச்சுன்னா, வால்நட் மரத்துல முக்கால்வாசி செதுக்கின கட்டை, பாலிஷ் போடாத பீப்பாய், பித்தள ட்ரிகர் கார்டு, லாக் (ஹேமரும் ஸ்ப்ரிங்கும் சேந்த சுடற பொறி), ஒரு பாக்கெட் ஸ்க்ரூ, ஒரு தாள். தாள்ல பத்து வரி. அதுல லாக்க மரத்துல பொருத்தறதப் பத்தி ஒரே வரி, 'தேவைப்பட்டால் சிறிது மரத்தை நீக்கவும்'ங்கற தோரணைல. மொத்த வேலையில பாதிக்கு மேல அந்த ஒரு வரிலதான் போச்சு.

டெரிஞ்சர்ல இருக்கறது பேக் ஆக்‌ஷன் லாக். சாதாரண ரைஃபிள் லாக்குல மெயின் ஸ்ப்ரிங் ஹேமருக்கு முன்னாடி பீப்பாய்ப் பக்கம் படுத்திருக்கும், இதுல ஹேமருக்குப் பின்னாடி, கைப்பிடிக்குள்ள இருக்கும். முன்னாடி எடம் இல்லாததால அப்படி. ஆனா கைப்பிடிதான் இந்தக் கட்டையிலயே ஒல்லியான எடம், அதுக்குள்ள ஸ்ப்ரிங், டம்ப்ளர் (ஹேமரோட சேந்து சுத்தற, பள்ளம் வெட்டின துண்டு), சியர் (அந்தப் பள்ளத்துல மூக்க வெச்சு ஹேமரப் புடிச்சு நிறுத்தற துண்டு) எல்லாத்துக்கும் குழி தோண்டணும். ஒரு பக்கம் ஓவரா எடுத்தா மரம் விரிசல் விடும், கம்மியா எடுத்தா இரும்பு மரத்துல இடிக்கும்.

எனக்கு வந்த பிரச்சன இது. லாக்க கையில வெச்சுப் பாத்தா ஜம்முனு வேல செய்யுது, ஹேமர இழுத்தா ஹாஃப் காக்ல (பாதி இழுத்து நிக்கற எடம்) ஒரு க்ளிக், ஃபுல் காக்ல (முழுசா இழுத்து சுடத் தயாரா நிக்கற எடம்) ஒரு க்ளிக், ரெண்டும் சுத்தமா. மரத்துல வெச்சு சைடு ஸ்க்ரூவ முறுக்கினதும் ஹாஃப் காக் க்ளிக் மந்தமாயிடுது, ஹேமர் நிக்கற மாதிரி நிக்குது, விரல்ல லேசா தட்டினா நழுவி விழுது. ஸ்க்ரூவ அரைச் சுத்து தளத்தினா திரும்ப சரியாயிடுது. ஹாஃப் காக்தான் இந்த மாதிரி பிஸ்டல்ல இருக்கற ஒரே சேஃப்டி, கேப் மாட்டும்போது ஹேமர் அதுலதான் நிக்கும், அது நழுவுச்சுன்னா என்னாகும்னு சொல்ல வேண்டியதில்ல. இத சரி பண்ணாம மருந்து டப்பாவத் தொறக்கவே கூடாது.

மொதல்ல ட்ரிகர மொத்தமா கழட்டிட்டுப் பாத்தேன். அப்பவும் அதே மந்தம். அப்ப ட்ரிகர் மேல தப்பில்ல, மரம்தான் எங்கயோ தொடுது. எங்கன்னு கண்டுபிடிக்கறதுக்கு விளக்குக் கரியவிட பெரிய டெக்னாலஜி எதுவும் கெடையாது. ஒரு மண்ணெண்ணெய் விளக்குப் புகையில சியரோட கைய, அதாவது ட்ரிகருக்கு மேல பக்கவாட்டுல நீட்டிட்டு இருக்கற சின்ன இரும்புக் கம்பிய, காட்டி கரி புடிக்க வெச்சு, லாக்க நேரா உள்ள எறக்கி, ஸ்க்ரூவ முறுக்கி, திரும்ப நேரா வெளிய எடுத்துப் பாத்தா, குழியோட அடியில கடுகளவு ஒரு கறுப்புப் பொட்டு. கம்பியோட நுனி மரத்துல முட்டுது, ஸ்க்ரூவ முறுக்க முறுக்க அது மரத்துல அமுங்கி, திரும்ப முடியாம இறுகுது, அதனால சியர் மூக்கு டம்ப்ளர் பள்ளத்துல முழுசா விழல. அந்தப் பொட்ட மட்டும் மெல்லிசான உளியால ஒரு சீவல் எடுக்கணும், திரும்பக் கரி, திரும்ப முறுக்கு, திரும்பப் பொட்டு. பொறுமைசாலிங்க வேல. பொட்டு விழறது நின்னதுக்கு அப்புறமும் ஒரு சீவல் கூட எடுத்துட்டேன், மழைக்காலத்துல மரம் ஊதும்ல, அதுக்கு.

இதுல ஒரு வரிச முக்கியம், இத யாரும் தாள்ல எழுத மாட்டாங்க. சியர் வேலைக்கு முன்னாடி ஹேமர் நிப்பிள் மேல நடுவுல விழுதான்னு பாத்துடணும். என் கிட்டுல ஹேமர் வெளிப்பக்கமா தள்ளி விழுந்துச்சு. நிப்பிள் மேல ஒரு துண்டு காகிதத்த வெச்சு ஹேமர மெதுவா எறக்கி அமுக்கினா, காகிதத்துல முழு வட்டம் விழணும், எனக்குப் பிறைதான் விழுந்துச்சு. சிலர் ஹேமரயே சூடு பண்ணி வளைப்பாங்க. எனக்கு அதுல இஷ்டம் இல்ல. லாக் ப்ளேட் உக்கார்ற படுக்கைய ஒரு பேப்பர் கனத்துக்கு ஆழமாக்கினா ப்ளேட்டு உள்ள போகும், அதோட ஹேமரும் பீப்பாய்ப் பக்கம் நகரும், அவ்ளோதான். ஆனா ப்ளேட்டு உள்ள போனா சியர் கையும் உள்ள போய் இன்னும் அழுத்தமா மரத்துல முட்டும். அதனால படுக்கைய மொதல்ல முடிச்சுட்டு அப்புறம்தான் சியர் குழி. மாத்திப் பண்ணா ஒரே எடத்த ரெண்டு தடவ நோண்டணும்.

கடைசியா ட்ரிகர். ஹேமர் எறங்கியிருக்கும்போது ட்ரிகர் லேசா ஆடணும், சியர் கைய ஒட்டி இறுக்கமா நிக்கக் கூடாது. என்னுது ஒட்டி நின்னுச்சு, ட்ரிகரோட மேல் விளிம்ப அரத்தால நாலு இழு இழுத்ததும் ஆட ஆரம்பிச்சுது. சியர் மூக்கையும் டம்ப்ளர் பள்ளத்தையும் ராவி ட்ரிகர லைட்டா ஆக்கலாம்னு இன்டர்நெட் பூரா அட்வைஸ், தயவுசெஞ்சு வேணாம், அந்தக் கோணம் ஒரு துளி மாறினா ஃபுல் காக்ல இருந்து தானா விழும். நான் பள்ளத்தத் தொடவே இல்ல, ஓரத்துல இருந்த பிசிற மட்டும் கல்லுல தேச்சு எடுத்தேன். ஹாஃப் காக்ல வெச்சு ட்ரிகர நல்லா அழுத்தி இழுத்தேன், ஃபுல் காக்ல வெச்சு ஹேமர கட்டைவிரலால முன்னாடி தள்ளிப் பாத்தேன், ரெண்டுலயும் விழல. அப்புறம்தான் அடுத்த வேல.

மர வேலையப் பத்தி சொல்ல பெருசா எதுவும் இல்ல, உப்புத்தாள் 120ல ஆரம்பிச்சு 320 வரைக்கும் போனேன், நடுவுல ஈரத்துணியால தொடச்சு மரத்தோட நார் எழும்ப விட்டு திரும்பத் தேச்சேன், அப்புறம் ஆளிவிதை எண்ணெய் கைச்சூட்டுல தேய்ச்சுத் தேய்ச்சு ஏத்தினது. வால்நட் மரம் எண்ணெயக் குடிச்சதும் வர்ற கலர் இருக்கே, அதுக்கு ஸ்டெயினே தேவையில்ல.

பீப்பாய்க்கு நீலம் போடலாமா ப்ரவுன் போடலாமான்னு யோசிக்கவே இல்ல, அசல் டெரிஞ்சருங்க ப்ரவுன் ஃபினிஷ்லதான் வந்துச்சு. அரத்தால நீளவாக்குல இழுத்து மெஷின் கோடெல்லாம் போக்கி, எமரி போட்டு, அசிட்டோன்ல தொடச்சதுக்கு அப்புறம் கைரேகை படாம க்ளவுஸ் போட்டுக்கணும். பீப்பாய் வாய்ல ஒரு மரக்குச்சி அடைச்சு, அதயே கைப்பிடியா வெச்சுக்கிட்டு, சூடு பண்ணி, ஒரு சொட்டுத் தண்ணி விட்டா சுர்ருனு துள்ளி ஓடற பதத்துல ப்ரவுனிங் கரைசல பஞ்சால தடவணும். சுமாரா 135 டிகிரி செல்சியஸ். வர்ற புகை மோசம், கராஜ் கதவு முழுசா தொறந்திருக்கணும். ஆறினதும் சமையல் சோடா கலந்த தண்ணில அலசி எண்ணெய் தேச்சா, துருவும் பிளம் பழக் கலரும் கலந்த மாதிரி ஒரு நெறம். மூணு கோட்டு போட்டதும் போதும்னு விட்டுட்டேன், நாலாவது கோட்டுல வித்தியாசம் தெரியாது.

இனி சுடற கதைக்கு வர்றேன், இதுல எனக்கு ஒரு கருத்து உண்டு. சின்ன பிஸ்டல் வாங்கறவங்க முக்கால்வாசி பேரு கேக்கற மொத கேள்வி 'எவ்ளோ மருந்து வரைக்கும் தாங்கும்'. கேள்வியே தப்பு. மூணு இஞ்ச் பீப்பாய்ல மருந்த ஏத்தினா கூடுதல் மருந்து வெளியதான் எரியும், வாய்ல பந்து மாதிரி நெருப்பு வரும், பாக்க நல்லாருக்கும், குண்டு அதனால ஒண்ணும் பெருசா வேகமெடுக்காது, கைதான் ஒதறும். என் பிஸ்டலோட தாள்ல இருந்த அளவுக்குள்ளயே, 15 கிரெயின் மூணு எஃப் (பொடிசான ரகம்) மருந்துல நின்னுட்டேன். 15 கிரெயின்னா சுமாரா ஒரு கிராம். இந்த சைஸ்ல உண்மையான போராட்டம் கேப்புல பொறக்கற நெருப்ப மருந்துகிட்ட கொண்டு போய் சேக்கறதுதான்.

மருந்து மேட்டர்லயே அது ஆரம்பிச்சுடும். பெரிய ஸ்போர்ட்ஸ் கடைங்கள்ல கெடைக்கறது பைரோடெக்ஸ் மாதிரி மாத்து மருந்து. அசல் கருமருந்துக்கு ஸ்டோரேஜ் கண்டிஷன், ஆபத்துப் பொருள் பார்சல் சார்ஜ்னு தொல்ல இருக்கறதால பல கடைக்காரங்க வெக்கறதே இல்ல. சட்டப்படி ஆன்ட்டிக் துப்பாக்கிக்கு 50 பவுண்ட் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம தனி ஆளு வாங்கலாம், கெடைக்கணுமே. 2021ல லூசியானாவுல இருந்த கோயெக்ஸ் கருமருந்து ஆலைய மூடப் போறதா சொன்னப்ப இந்த வட்டாரமே ஆடிப்போச்சு, டப்பா டப்பாவா பதுக்கினாங்க, மாடல் ராக்கெட் செய்யற எஸ்டஸ் கம்பெனி 2022ல அத வாங்கி திரும்ப ஓட்ட ஆரம்பிச்சதும்தான் மூச்சு வந்துச்சு. நான் மொதல்ல மாத்து மருந்துலதான் ஆரம்பிச்சேன். கேப் வெடிக்கும், ஒரு கண்ணிமைக்கற நேரம் சும்மா இருக்கும், அப்புறம் டம்முனு போகும். சில சமயம் போகவே போகாது. மாத்து மருந்து தீப்புடிக்க அசல் மருந்தவிட அதிக சூடு வேணும், பெரிய ரைஃபிள்ல சமாளிச்சுடும், இந்தக் குட்டி நிப்பிளுக்கும் 11ஆம் நம்பர் கேப்புக்கும் தம் பத்தல.

ரேஞ்சுல எனக்குப் பக்கத்து பெஞ்சுல ஒரு பெரியவர், முட்டி வரைக்கும் மான் தோல் கோட்டு போட்டுக்கிட்டு வர்ற ஆளு, நான் மருந்த ரெண்டு கிரெயின் ஏத்தலாமான்னு கேட்டதுக்கு அவர் தல ஆட்டல. "மருந்த விடு, கேப்புக்கும் மருந்துக்கும் நடுவுல என்ன இருக்குன்னு பாரு"ன்னார். நிப்பிளக் கழட்டி மெல்லிசு கம்பிய விட்டுப் பாத்தா, ஓட்டை நேரா கீழ எறங்கி, அப்புறம் முழங்கை மாதிரி திரும்பி பீப்பாய்க்குள்ள போகுது. அந்தத் திருப்பத்துலதான் எல்லாக் குப்பையும் சேருது, ஸ்டோர் பண்ணும்போது போட்ட எண்ணெய், ஒவ்வொரு தடவையும் ஈரத்துணி விட்டுத் தொடைக்கும்போது உள்ள தள்ளற கரிச்சேறு எல்லாம். வாய்ல இருந்து தள்ற துணி பிஸ்டன் மாதிரி வேல செஞ்சு அசிங்கத்தையெல்லாம் நேரா அந்த ஓட்டைக்குள்ள அடைச்சுடுது.

அதுக்கப்புறம் என் பழக்கம் மாறிப்போச்சு. மருந்து போடறதுக்கு முன்னாடி வெறும் கேப்ப வெச்சு ரெண்டு தடவ அடிப்பேன், பீப்பாய் வாய ரேஞ்ச் பக்கம் கீழ பாத்து ஒரு புல்லு நுனிக்குக் கிட்ட புடிச்சு. புல்லு சட்டுனு ஆடுச்சுன்னா ஓட்டை க்ளியர், ஆடலன்னா நிப்பிளக் கழட்டி கம்பி விடணும். துணிய சொட்டச் சொட்ட நனைக்கக் கூடாது, நாக்குல தடவின அளவு ஈரம் போதும். மருந்த அளவுக் குப்பில ஊத்தி, அதுல இருந்து பீப்பாய்ல. டப்பாவுல இருந்து நேரா பீப்பாய்ல ஊத்தறவங்க பக்கத்துல நான் நிக்கவே மாட்டேன், உள்ள ஒரு பொறி மிச்சம் இருந்தா கையில இருக்கறது மொத்த டப்பாவும். ஊத்தினதும் லாக்குக்கு எதிர்ப்பக்கம் உள்ளங்கையால நாலு தட்டு தட்டினா மருந்து திருப்பத்துக்குள்ள கொஞ்சம் எறங்கும். இந்தத் தட்டு சும்மா சாங்கியம்னு நெனச்சேன், தட்டறதுக்கும் தட்டாததுக்கும் வித்தியாசம் காதுலயே தெரியுது, தட்டினா கேப்பும் மருந்தும் ஒரே சத்தமா கேக்கும். அசல் மூணு எஃப் மருந்து கெடைச்சதும் 'சட்...டம்' எல்லாம் காணாமலே போச்சு.

உருண்டை 0.440 இஞ்ச், சுத்த ஈயம், நகத்தால கீறினா கோடு விழற மெதுவு. எடை 128 கிரெயின், எட்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல. அதச் சுத்தி எண்ணெய் தடவின துணி வெச்சுத்தான் எறக்கணும், துணிதான் ரைஃப்ளிங்க (பீப்பாய்க்குள்ள சுத்திச் சுத்திப் போற வரிப்பள்ளம்) புடிச்சுக்கிட்டு உருண்டையச் சுத்த வெக்கும். மொதல்ல 0.010 இஞ்ச் துணி, எறக்க ஈசி. சுட்டதுக்கு அப்புறம் நாலஞ்சு அடி தள்ளி விழுந்து கெடக்கற துணியப் பொறுக்கிப் பாக்கறது பழக்கம், அது டாக்டர் ரிப்போர்ட் மாதிரி எல்லாத்தையும் சொல்லிடும், என்னுது ஓரம் பூரா கருகி நடுவுல ஓட்டை. 0.015க்கு மாறினேன், மெத்த உறைக்குப் போடற கோடு போட்ட கெட்டிப் பருத்தித் துணி. கட்டைவிரல்ல தள்ளினா போகாது, சின்ன ஸ்டார்ட்டர் கட்டை வெச்சு ஒரு தட்டு தட்டணும். ஆனா திரும்பப் பொறுக்கின துணி முழுசா இருந்துச்சு, நடுவுல சாம்பல் கலர்ல ஒரு பூ, அவ்ளோதான். உருண்டை மருந்து மேல போய் உக்காரணும், நடுவுல காத்து எடம் இருக்கவே கூடாது, பீப்பாய் வெடிக்கறதுக்கு அதான் வழி. அதனால ராம்ராட்ல (உருண்டைய இடிச்சு எறக்கற குச்சி), உருண்டை சரியா உக்காந்தா வாய் மட்டத்துக்கு வர்ற எடத்துல ஒரு கோடு கீறி வெச்சிருக்கேன், கோடு உள்ள போகாம கேப்ப எடுக்கறதில்ல.

துணிக்கு எண்ணெய்னா பெட்ரோலியம் ஜாதி வேணாம், கருமருந்தோட சேந்தா தார் மாதிரி கெட்டியா அப்பிக்கும். இங்க ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து வெச்சிருப்பாங்க. எங்க வீட்டுல ஆட்டுக்கொழுப்புக்கு எங்க போறது, தேங்காய் எண்ணெயில கொஞ்சம் தேன்மெழுகு உருக்கி ஊத்தி தகரக் குப்பில வெச்சேன். நல்லா வேல செய்யுது. 24 டிகிரிக்குக் கீழ போனா எண்ணெயே ஒறஞ்சுடும், அதனால அக்டோபர்ல தேன்மெழுகே தேவைப்படல. சுடும்போது வர்ற கந்தக நாத்தத்தோட தேங்காய் எண்ணெய் வாசம் சேந்து வர, அந்த மான்தோல் பெரியவர் மூக்க உறிஞ்சி உறிஞ்சி என்ன சமைக்கறேன்னு கேட்டார்.

கேப் வெடிச்சும் மருந்து போகலன்னா, பிஸ்டல அப்படியே டார்கெட் பக்கம் புடிச்சுக்கிட்டு ஒரு முழு நிமிஷம் நிக்கணும். எட்டிப் பாக்கறது, திருப்பிப் பாக்கறது எல்லாம் அப்புறம். கண்ணாடி போடாம யாரும் இதத் தொடக் கூடாது, கேப் வெடிக்கும்போது செப்புத் துணுக்கு பின்னாடி தெறிக்கும். ஹேமர் முகத்துல இருக்கற குழி அத அடக்கத்தான், ஆனா எல்லாத்தையும் அடக்காது.

எவ்ளோ துல்லியம்னு கேப்பீங்க. அஞ்சு கஜத்துல இருந்து மொத மொதல்ல சுட்டப்ப குண்டெல்லாம் கீழயும் இடதுலயும் போச்சு. கீழ போறது எதிர்பாத்ததுதான், முன் சைட்ட (குறி பாக்கற முளைய) வேணும்னே உசரமா வெச்சு அனுப்புவாங்க, சுட்டுச் சுட்டு ராவிக்கணும். ராவ ராவ குண்டு மேல ஏறும். ரொம்ப ராவிட்டா திரும்ப ஒட்ட முடியாதுன்னு ஒவ்வொரு தடவையும் ரெண்டே இழுப்பு. இடது பக்கம் போனதுக்குக் காரணம் சைட் இல்ல, ட்ரிகர். பிஸ்டலோட எடை அரைக் கிலோ கிட்ட, ட்ரிகர இழுக்க வேண்டிய பலம் அதவிட பல மடங்கு. இழுக்கற விரலே மொத்த பிஸ்டலையும் திருப்பிடுது. எப்பவும் புடிக்கற மாதிரி விரல் நுனியால இழுக்காம, மொத மூட்டு மடிப்பு வரைக்கும் உள்ள விட்டு, முழுக் கையையும் எலுமிச்சம்பழம் புழியற கணக்கா இறுக்கிக்கிட்டே இழுத்தா நேரா போகுது. இப்ப அஞ்சு கஜத்துல உள்ளங்கை அளவுக்குள்ள விழுது. பத்து கஜத்துல பேப்பர்ல பட்டா சந்தோஷம். அசல் பிஸ்டலும் சீட்டாட்ட மேஜை தூரத்துக்குச் செஞ்சதுதான், பூத் நின்னது லிங்கனோட நாற்காலிக்கு நேர் பின்னாடி.

இதே ஜாதில நண்பர் ஒருத்தர்கிட்ட இருந்த வேற ரெண்டையும் சுட்டுப் பாத்தேன். ஒண்ணு பெடர்சோலி கம்பெனியோட லீஜ் டெரிஞ்சர், .44, இத்தாலில செய்யறது. அதுல ராம்ராடே கெடையாது, பீப்பாய மரையக் கழட்டற மாதிரி திருகி எடுத்து, பின்னாடி குழில மருந்த நெரப்பி, மேல உருண்டைய வெச்சு, பீப்பாய திரும்பத் திருகிடணும். உருண்டை பீப்பாய் ஓட்டையவிடக் கொஞ்சம் பெருசு, அதனால துணி வேணாம், அதுவே ரைஃப்ளிங்ல செதுக்கிக்கிட்டு போகும். ட்ரிகர் மடிஞ்சு உள்ள இருக்கும், ஹேமர இழுத்தா வெளிய வரும். அழகுன்னா அழகு. ஆனா நாலஞ்சு தடவ சுட்டதும் மரையில கரி ஏறி பீப்பாய் திருகவே வராது, மரைக்கு கொஞ்சம் க்ரீஸ் வெச்சுக்கிட்டே இருக்கணும்.

இன்னொண்ணு 1849 கோல்ட் பாக்கெட் ரிவால்வர் ரெப்ளிகா, .31. உருண்டை 50 கிரெயின் கிட்டதான் வரும், பட்டாணி சைஸ். அஞ்சு தடவ தொடர்ந்து சுடலாம்ங்கற சுகம் இருக்கு, தொல்லையும் அஞ்சு மடங்கு. ஒவ்வொரு அறையிலயும் உருண்டைக்கு மேல க்ரீஸ் இல்லன்னா உருண்டைக்கடியில மெழுகுத் தக்கை வெக்கணும், ஒரு அறை நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவாம இருக்கறதுக்கு. வெடிச்ச கேப் துண்டு ஹேமர் பள்ளத்துல விழுந்து சிலிண்டர் சுத்தாம நிக்கறதும் இதுல சகஜம், அதனாலதான் பழைய ஆளுங்க ஹேமர இழுக்கும்போது ரிவால்வர வானத்தப் பாத்துத் தூக்குவாங்க, துண்டு தானா பின்னாடி விழட்டும்னு. எனக்கு இந்த ரெண்டவிட என் ஒத்தக்குண்டு டெரிஞ்சர்தான் புடிச்சிருக்கு. கட்டினவன் வாய் அப்படித்தான் சொல்லும்.

சுட்டு வந்த அன்னிக்கே கழுவணும், நாளைக்குப் பாத்துக்கலாம்ங்கற பேச்சே கெடையாது. கருமருந்து எரிஞ்சா அதுல பாதிக்கு மேல புகையாப் போகாம உப்பும் கரியுமா தங்கிடும், அது காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சி ஒரே ராத்திரில துரு ஏத்தும். வெட்ஜ, அதாவது பீப்பாயக் கட்டையோட புடிச்சு வெக்கற ஆப்ப, தட்டி எடுத்தா பீப்பாய் தனியா வந்துடும், நிப்பிளையும் கழட்டிட்டு, ஒரு பழைய மக்குல நல்லா சூடான தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திரம் வெளக்கற சோப்பு. பீப்பாய அதுல நிக்க வெச்சு வாய் வழியா துணிய மேலயும் கீழயும் இழுத்தா தண்ணி ஓட்டை வழியா உறிஞ்சி உறிஞ்சி உள்ள வந்து அந்தத் திருப்பத்தையும் சேத்துக் கழுவிடும். மொத மக்கு தண்ணி மசி மாதிரி, ரெண்டாவது டீ கலர், மூணாவது தெளிஞ்சுடும். கடைசியா வெறும் கொதி தண்ணி ஒரு தடவ ஊத்தினா இரும்பு சூடாகி தானே காஞ்சுடும். மக்கு ரேஞ்ச் சாமானுக்குன்னு தனி, சமையலறைக்குள்ள வரக் கூடாது, ஈயம் இருக்கு. கையையும் சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் சாப்பாடு.

உள்ள பேலிஸ்டால் எண்ணெய் மெல்லிசா ஒரு கோட்டு, லாக்க ரெண்டு மூணு வாட்டிக்கு ஒருக்கா வெளிய எடுத்து டம்ப்ளர் பக்கம் ஊதி விட்டு ஒரு சொட்டு. நிக்க வெக்கும்போது வாய் கீழ பாக்கணும், அப்பதான் மிச்ச எண்ணெய் வாய் வழியா வடியும், மேல பாத்தா பின்னாடி அந்தத் திருப்பத்துல போய்த் தேங்கி அடுத்த தடவ மொத கேப்பக் கெடுக்கும். சுடப் போற அன்னிக்கு காலைல காஞ்ச துணியால ஒரு தடவ இழுத்துட்டு, புல்லு நுனி ஆடுதான்னு பாத்துட்டு ஆரம்பிக்கலாம். அடுத்து ஃப்ரெண்ட்ஷிப் போகும்போது ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நிப்பிள் வாங்கணும், கிட்டோட வந்தது வாய் கொஞ்சம் விரிஞ்சுக்கிட்டே வருது. மரைய அளந்துதான் வாங்கணும், இத்தாலி மெட்ரிக் மரையும் இங்கத்து இஞ்ச் மரையும் பாக்க ஒண்ணு போலவே இருக்கும், ரெண்டு சுத்து போகும்போது தெரியாது, மூணாவது சுத்துல பீப்பாய் மரை போயிடும்.